அம்மம்மாவிடம் போய்ச் சேரும் சொல்: குழந்தைத் தொலைக்காட்சியும் மோர்னிங்சைட் தமிழரின் நலக்கல்வியும்

ரொறன்ரோ மாநகரின் கிழக்கே, ஸ்காபரோவில், மோர்னிங்சைட் வீதியை ஒட்டிய குடியிருப்புகளில் 1983க்குப் பின் கனடா வந்து சேர்ந்த ஈழத்தமிழர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் அவ்வீதிக்கு அருகில் உள்ளது. செண்டினரி மருத்துவமனையும் தொலைவில் இல்லை. இத்தகைய வீடொன்றில் மாலை வேளையில் இரண்டு திரைகள் இயங்குவது வழக்கம். கூடத்துத் தொலைக்காட்சியில் சென்னையில் தயாரான நெடுந்தொடர் ஓடும். பிள்ளையின் கையிலுள்ள சிறு திரையில் ஆங்கிலச் சிறுவர் நிகழ்ச்சி ஓடும். முதலாவதைப் பார்ப்பவர் அம்மம்மா. இரண்டாவதைப் பார்ப்பவர் பேரப்பிள்ளை. பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்கும் அந்நேரத்தில் பிள்ளையின் உடல்நலத்துக்கு அம்மம்மா பொறுப்பு. அம்மம்மாவுக்கு வரும் மருத்துவக் கடிதத்துக்குப் பிள்ளை பொறுப்பு.

2011 டிசம்பரில் கனடா அரசு தொடங்கிய சூப்பர் விசா இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கியது. அவ்விசாவில் வரும் பாட்டன் பாட்டியர் குறைந்தது ஒரு இலட்சம் டொலர் பெறுமதியான தனியார் மருத்துவக் காப்புறுதியுடன் வரவேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தின் பொது மருத்துவக் காப்புறுதி அவர்களுக்குக் கிடையாது. எனவே சிறு நோய்களை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளும் நாட்டம் அவர்களிடம் இயல்பாகவே மிகுதி. நலம் பற்றிய அறிவு இங்கு யாரிடம் இருக்கிறது, அது எந்த மொழியில் இருக்கிறது என்ற வினா அன்றாடத் தேவையோடு கலந்தது.

குழந்தைத் தொலைக்காட்சி வழியே உடல்நலத்தையும் சமூகச் சிக்கல்களையும் கற்பிக்கும் முயற்சிகள் அரை நூற்றாண்டாக உலகெங்கும் நடந்துவருகின்றன. 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சீசேம் ஸ்ட்ரீட்' 1972இல் மெக்சிகோவிலும் பிரேசிலிலும், 1973இல் ஜெர்மனியிலும் தனித்தனி வடிவம் கொண்டது. கனடாவின் சி.பி.சி. நிறுவனம் மூல நிகழ்ச்சியிலிருந்த ஸ்பானியப் பகுதிகளை நீக்கிப் பிரெஞ்சுப் பகுதிகளைச் சேர்த்து ஒளிபரப்பியது. பின்னர் 1996 முதல் 2001 வரை 'சீசேம் பார்க்' என்ற பெயரில் தனக்கெனத் தயாரித்துக்கொண்டது. 15 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தப்பெற்ற 24 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான மதிப்பீடு, எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் மட்டுமன்றி, நலம் சார்ந்த அறிவிலும் பிறரை நோக்கும் பாங்கிலும் இந்நிகழ்ச்சிகள் பயன் விளைவித்தன என்று காட்டியது. ஆகவே 'தொலைக்காட்சியால் குழந்தை கற்குமா' என்பது இனிக் கேட்கவேண்டிய கேள்வியன்று. கற்றதை அக்குழந்தை யாரிடம், எந்தச் சொற்களில் கொண்டுசேர்க்கிறது என்பதே மோர்னிங்சைட் போன்ற இடத்தில் எழும் கேள்வி. இக்கட்டுரை அதனையே பின்தொடர்கிறது.

மீனா: செய்தியைச் சுமக்கும் சிறுமி

தெற்காசியாவில் இவ்வகை முயற்சிகளில் தலையாயது யுனிசெஃப் உருவாக்கிய 'மீனா'. இந்திய இயங்குபடத் துறையின் முன்னோடியான ராம் மோகன் அவளுக்கு உருவம் தந்தார். முதற்படம் 1993இல் வங்காளதேசத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நான்கு நாடுகளிலும் அயலாகத் தோன்றாத உடை, எல்லைகளைக் கடந்து வழங்கும் ஒரு பெயர், தோளில் மிட்டு என்னும் கிளி என்று அவள் திட்டமிட்டு அமைக்கப்பட்டாள். எந்த ஊர்க்காரி என்று சுட்டமுடியாதவாறு ஒரு சிறுமியைப் படைப்பதில் கலைநோக்கில் இழப்பு உண்டு. ஆயினும் மீனாவின் வீடு வெறும் பொதுமைகளால் ஆனதன்று. அங்கே பாட்டி இருக்கிறாள், அடுப்பு இருக்கிறது, பசு இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கும் இருக்கிறது.

மாம்பழத்தைப் பங்கிடும் கதை இதற்குத் தக்க சான்று. மரமேறிப் பழத்தைப் பறித்தவள் மீனா; பெரிய பங்கு தம்பி ராஜுவுக்குப் போகிறது. ஆண்பிள்ளைக்குக் கூடுதல் உணவு வேண்டும் என்பது வீட்டின் தீர்ப்பு. ஒருநாள் இருவரும் தம் வேலைகளை மாற்றிக்கொள்கிறார்கள். மாலையில் களைத்து வரும் ராஜுவுக்கு அன்று மீனாவின் பங்கே கிடைக்கிறது. பசித்த வயிற்றோடு அவன் அந்தச் சிறிய பங்கைப் பார்க்கும் கணத்தில் கதையின் வாதம் முடிந்துவிடுகிறது. சத்துணவு பற்றிய விரிவுரை எதுவும் அங்கு தேவைப்படவில்லை. பெண்பிள்ளையின் ஊட்டக்குறைவு ஒரு மருத்துவச் செய்தியாக அல்லாமல் நீதி பற்றிய வழக்காக முன்வைக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு நீதியுணர்வு கூர்மையானது என்பதை ஆக்கியோர் அறிந்திருந்தனர்.

இக்கதைகளின் உள்ளமைப்பில் ஒரு கருதுகோள் உண்டு. குழந்தை ஓரிடத்தில் ஒன்றைக் கற்கும், அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லும், வீடு முதலில் மறுக்கும், பின்னர் இணங்கும். மீனா பள்ளிக்குப் போகாத நிலையிலேயே, மிட்டு வகுப்பில் கேட்டுவந்து சொல்லும் எண்களைக் கொண்டு கோழிகளை எண்ணித் திருட்டைக் கண்டுபிடிக்கிறாள் என்பது கோழிக் கதை. மீனா ஓர் இணைப்புப் பாலம். பாலத்தின் இருகரையிலும் ஒரே மொழி பேசப்படுகிறது என்பதை அக்கதைகள் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன. வகுப்பறையில் கேட்ட சொல்லும் பாட்டியிடம் சொல்லும் சொல்லும் ஒன்றே. மோர்னிங்சைட் வீட்டில் உடைந்திருப்பது இந்த எடுகோள்தான். அங்கே பிள்ளை கற்பது ஆங்கிலத்தில். அம்மம்மா நோயை அறிவது யாழ்ப்பாணத் தமிழில். கூடத்துத் தொலைக்காட்சி பேசுவதோ சென்னைத் தமிழில்.

நோய்க்கு இருக்கும் இரண்டு பெயர்கள்

இந்த வேறுபாட்டை வெறும் உச்சரிப்பு வேறுபாடாகக் கருதுவோர் பலர். நோயும் மருந்தும் பற்றிய சொற்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலே அது எவ்வளவு ஆழமானது என்பது புலனாகும். தமிழகத்தார் சளி பிடித்திருக்கிறது என்பார். யாழ்ப்பாணத்தார் தடிமன் என்பார். வாந்தி அங்கே சத்தி. தலைவலி தலையிடி. மாத்திரை குளிசை. கொசு நுளம்பு. சோப்பு சவர்க்காரம். மஞ்சள் காமாலை செங்கமாரி. டைஃபாய்டு நெருப்புக்காய்ச்சல். பேதியை வயிற்றோட்டம் என்பார்கள். சர்க்கரை நோயைச் சலரோகம் என்றோ நீரிழிவு என்றோ சொல்வார்கள். நலக்கல்வியின் முதற்பாடங்களான கைகழுவுதல், கொசுவை ஒழித்தல், வயிற்றுப்போக்குக்கு நீர் கொடுத்தல் ஆகிய மூன்றிலும் முதன்மைச் சொல்லே இரு கரைகளிலும் வெவ்வேறு.

எல்லாவற்றிலும் வருத்தம் என்னும் சொல் சிந்திக்கத்தக்கது. யாழ்ப்பாண வழக்கில் வருத்தம் என்றால் நோய். 'அவருக்கு வருத்தம்' என்றால் அவர் உடல்நலம் குன்றியிருக்கிறார் என்றே பொருள். தமிழக வழக்கில் அது மனத்துயர். உணர்ச்சிகளுக்குப் பெயரிடக் கற்பிப்பது இன்றைய சிறுவர் தொலைக்காட்சியின் பெரும்போக்கு. இடம்பெயர்ந்த சிரியக் குழந்தைகளை முதன்மையாகக் கருதி 2020 பிப்ரவரியில் தொடங்கிய 'அஹ்லன் சிம்சிம்' தன் முதற்பருவம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியது. அத்தகைய ஒரு காட்சியைத் தமிழக ஒலிச்சேர்க்கையில் ஸ்காபரோ வீட்டில் ஓடவிட்டால் என்ன நேரும்? பொம்மை தனக்கு வருத்தமாக இருக்கிறது என்று சொல்லும். பிள்ளைக்கு அச்சொல் தெரியாது. அம்மம்மா பொம்மைக்குக் காய்ச்சலோ என்று நினைப்பார். போரையும் இடப்பெயர்வையும் கடந்துவந்த ஒரு சமூகத்தில், மனத்துயரும் உடல்நோயும் ஒரே சொல்லில் மாறிமாறி ஒலிப்பதை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ள இயலாது. மனநோவை உடல்நோவாகவே மருத்துவரிடம் சொல்லும் முதியோர் பலர் உள்ள சமூகம் அது.

அளவுச் சொற்களில் ஆபத்து இன்னும் வெளிப்படையானது. வயிற்றோட்டத்தின்போது வீட்டில் தயாரிக்கும் கரைசலுக்கு ஒரு லீற்றர் சுத்தமான நீர், ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு வேண்டும். 'மட்டம்' என்ற சொல்லைக் கைவிட்டால் குவித்த கரண்டியாகிவிடும். உப்பு மிகுந்தால் கரைசலே குழந்தைக்குத் தீங்காகும். இலங்கையில் வளர்ந்த அம்மம்மாவுக்கு இக்கரைசலை 'ஜீவனி' என்ற பொதியின் பெயரால் நன்றாகத் தெரியும். மூன்றெழுத்துச் சுருக்கப் பெயரை ஆங்கிலத்தில் கற்றுவந்த பேரப்பிள்ளையும் ஜீவனியை அறிந்த அம்மம்மாவும் ஒன்றையே அறிந்திருக்கிறார்கள். அதை அறியாமல் இருக்கிறார்கள்.

டோராவின் தமிழ்

தமிழ்க் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி என்று புலம்பெயர் வீடுகளில் கிடைப்பது என்ன? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. உழவர்க்கு 'வயலும் வாழ்வும்' தந்த அந்நிலையம் சிறுவர்க்கும் நேரம் ஒதுக்கியது. பொதுத்துறையின் அக்காலம் மங்கியபின், 2007 ஏப்ரலில் வந்த சுட்டி டிவியே தமிழில் முழுநேரச் சிறுவர் அலைவரிசையாக நிலைபெற்றது. அதன் பெரும்பகுதி பிறநாட்டு நிகழ்ச்சிகளின் ஒலிச்சேர்க்கை. சீசேம் குடும்பத்தின் இந்தியக் கிளையான 'கலி கலி சிம் சிம்' 2006இல் இந்தியில் தொடங்கியது. பள்ளிச் சீருடை அணிந்த சம்கி என்ற சிறுமி அதன் முகம். தமிழ்க் குழந்தையை முதற்பார்வையாளராகக் கொண்டு அக்குடும்பத்தில் ஒரு நிகழ்ச்சி பிறக்கவில்லை.

சுட்டி டிவியில் பேரன்பு பெற்றவள் டோரா. 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்நிகழ்ச்சியின் உயிர்நாடி அதன் மௌனம். டோரா திரையிலிருந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சில நொடிகள் காத்திருப்பாள். வீட்டிலிருக்கும் பிள்ளை உரக்க விடை சொல்லும். தமிழ் ஒலிச்சேர்க்கை அம்மௌனத்தை அப்படியே காத்தது. புஜ்ஜி என்று குரங்குக்கு வாய்த்த பெயரும், திருட வரும் குள்ளநரியைத் தடுக்கும் கூக்குரலும் தமிழகத்தில் ஒரு தலைமுறையின் வீட்டுமொழியில் கலந்தன. ஒலிச்சேர்க்கை ஆக்கத்திறன் அற்றது என்ற பண்டித மனப்பான்மைக்கு இது நல்ல மறுப்பு.

ஆனால் ஒரு மாற்றம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆங்கில மூலத்தில் டோரா ஸ்பானியச் சொற்களைக் கற்பிக்கிறாள். அமெரிக்காவில் குடியேறிய ஒரு சமூகத்தின் வீட்டுமொழியைப் பெரும்பான்மைக் குழந்தைக்கும் உரியதாக்குவது அதன் உள்நோக்கம். தமிழ் வடிவத்தில் அவ்விடத்தில் ஆங்கிலம் வந்து அமர்ந்தது. வீட்டுமொழியை உயர்த்தப் பிறந்த ஒரு கருவி, தமிழில், பள்ளிமொழியை வீட்டுக்குள் கொண்டுவரும் கருவியானது. சென்னையில் அதற்கு நியாயம் சொல்லலாம். மோர்னிங்சைட்டில் அது தலைகீழ். அங்குள்ள பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்க டோரா தேவையில்லை. அதற்குப் பள்ளி இருக்கிறது, தெரு இருக்கிறது. அப்பிள்ளைக்குத் தேவையான இரண்டாம் மொழி தமிழ். ஆங்கிலத்தில் பேசும் ஒரு டோரா அவ்வப்போது நின்று தமிழ்ச்சொல் ஒன்றைக் கேட்டுக் காத்திருந்தால் அதுவே மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு ஆகியிருக்கும். அந்த மௌனத்தில் விடை சொல்லக்கூடியவர் வீட்டில் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார்.

தொலைக்காட்சி வணிகம் நலக்கல்வியை வெற்றிடமாக விட்டுவைப்பதுமில்லை. நிகழ்ச்சிகளுக்கு இடையே வரும் மால்ட் பானங்களின் விளம்பரங்கள் உயரம், வலிமை, மதிப்பெண் பற்றிப் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்திவந்தன. 2024 ஏப்ரலில்தான் இந்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களிடம் இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின்கீழ் விற்கவேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஸ்காபரோத் தமிழ்க் கடைகளின் அடுக்குகளில் அப்போத்தல்கள் இருக்கின்றன. சலரோகமுள்ள அம்மம்மா தாமும் ஒரு கோப்பை கலந்து குடிக்கிறார். தமிழில் வந்த நலச்செய்திகளுள் மிக வெற்றிகரமாக அவரை அடைந்தது அந்த விளம்பரமே என்று சொன்னால் மிகையாகாது.

எந்தத் தமிழில் ஆக்குவது என்ற தயக்கத்துக்கு அரபு உலகில் முன்மாதிரி உண்டு. 1979இல் குவைத்தில் உருவான 'இஃப்தஹ் யா சிம்சிம்' வளைகுடா நாடுகளின் கூட்டு முயற்சி. அரபும் தமிழைப்போல இரட்டை வழக்குடைய மொழி. பேச்சு வழக்குகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஏதேனும் ஒரு நாட்டின் பேச்சைத் தேர்ந்தால் மற்றவர் விலகுவர் என்று கண்டு, ஆக்கியோர் எளிமைப்படுத்திய பொது எழுத்துவழக்கைக் கையாண்டனர். 130 பகுதிகள் கொண்ட அதன் முதற்பருவம் பெருவரவேற்பைப் பெற்றது. எழுத்துமொழியைச் சிறுவர் ஏற்கமாட்டார் என்ற அச்சம் பொய்த்தது.

தமிழுக்கு இவ்வழி பொருந்துமா? ஓரளவே. கதைசொல்லியின் மொழிக்கு அது பொருந்தும். யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பிள்ளையையும் 'நீங்கள்' என்றே விளிக்கும் பழக்கமுடையோர்; எழுத்துவழக்கின் மரியாதைத் தொனி அவர்கள் காதுக்கு உறுத்தாது. ஆனால் நோயின் பெயரைப் பொதுவழக்காக்கினால் பயன் கெடும். 'கொசு' என்றும் 'நுளம்பு' என்றும் அருகருகே இரு பாத்திரங்கள் சொல்வதே தக்க வழி. திருநெல்வேலிப் பாத்திரம் ஒன்றும் பருத்தித்துறைப் பாத்திரம் ஒன்றும் ஒரே பூச்சியை வெவ்வேறு பெயரிட்டுத் துரத்தினால் நகைச்சுவைக்கும் குறைவிராது.

சொல்லக் கூசும் செய்திகள்

நுளம்பும் சவர்க்காரமும் எளிய செய்திகள். வீடுகள் பேச மறுக்கும் செய்திகளில்தான் ஊடகத்தின் திறன் சோதிக்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் 'தகலானி சீசேம்' 2002இல் காமி என்ற பொம்மையை அறிமுகப்படுத்தியது. கடுகு மஞ்சள் நிறத்தவள், தாயை இழந்தவள், எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவள். அவள் பெயர் ஏற்றுக்கொள்ளல் எனப் பொருள்படும் சுவானா மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் சிலர் அப்பொம்மை தம் நாட்டுத் திரைக்கு வந்துவிடுமோ என்று பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினர். உண்மையில் காமியின் காட்சிகளில் நோய் பரவும் வழி பற்றிய விளக்கம் மிகக் குறைவு. அவளோடு விளையாடலாம், அவள் கையைப் பிடிக்கலாம், அவள் தாயை நினைத்து அழலாம் என்பவையே அவற்றின் உள்ளடக்கம்.

இதனோடு தமிழகத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில்; சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தனர். 2000களின் தொடக்கத்தில் தமிழகத்துச் சுவர்களையும் பேருந்துகளையும் நிறைத்த 'புள்ளிராஜா' விளம்பரம், அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்ற கேள்வியை ஊரெங்கும் எழுப்பியது. அதன் வீச்சை மறுப்பதற்கில்லை. வளர்ந்த ஆண்களை நோக்கிய அக்கேள்வியைத் தெருவில் நடந்த எல்லாச் சிறுவரும் எழுத்துக்கூட்டிப் படித்தனர். வீட்டில் கேட்டபோது விடை கிடைக்கவில்லை. புள்ளிராஜா அச்சத்தையும் நகைப்பையும் தந்தான். நோயுற்றவர் அருகில் அமர்வது எப்படி என்பதை அவன் சொல்லவில்லை. ஒருவனுக்கு நோய் வருமா என்று கேட்பதற்கும், நோய் வந்தவளோடு விளையாடுவாயா என்று கேட்பதற்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. இரண்டாவது கேள்வியைத் தமிழ்த் திரை குழந்தைகளிடம் போதிய அளவு கேட்கவில்லை.

உடலுறுப்புகளின் பெயர்களிலும் இச்சிக்கல் உண்டு. ஒன்ராறியோவின் 2015ஆம் ஆண்டு நலக்கல்விப் பாடத்திட்டம் முதல் வகுப்பிலேயே உறுப்புகளின் சரியான பெயர்களைக் கற்பிக்க வகைசெய்தது. குடியேறிய பெற்றோர் பலர் அதை எதிர்த்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். 2018இல் ஆட்சி மாறியபின் அப்பாடத்திட்டம் விலக்கப்பட்டு 2019இல் புதியது வந்தது. உறுப்புகளின் பெயர் கற்பித்தல் அதிலும் நின்றது. எதிர்ப்பை மதநம்பிக்கையின் பேரில் மட்டும் விளக்குவது போதாது. தமிழில் அவ்வுறுப்புகளுக்கு ஒருபுறம் மருத்துவநூற் சொற்களும் மறுபுறம் வசைச்சொற்களும் உள்ளன. வீட்டில் கூசாமல் சொல்லத்தக்க நடுச்சொல் அரிது. தமிழகத்தில்கூடப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து தற்காத்தல் 'குட் டச், பேட் டச்' என்ற ஆங்கிலத் தொடராகவே பரவியது. இதைத் தமிழின் தோல்வி என்று உடனே தீர்ப்பிடுவது அவசரம். கூச்சத்தை அயற்சொல் கடத்திவிடுகிறது. வகுப்பாசிரியையும் தாயும் அதனால் வாய் திறக்கின்றனர். ஆங்கிலமே பள்ளிமொழியாக உள்ள ஸ்காபரோவில் அந்த அயற்சொல்லின் மறைப்பு இல்லை. அங்கு பிள்ளை வெளிப்படையாகவே பேசும், அம்மம்மாதான் திகைப்பார். ஆகவே அங்கே தேவைப்படுவது முதியோர் காதுக்குப் பொறுக்கும் ஒரு தமிழ்த்தொடர். அதைக் கலைச்சொல் அகராதிக் குழு ஆக்கித் தருமென எதிர்பார்க்க முடியாது. பாத்திரம் ஒன்று பலமுறை சொல்லிச் சொல்லித்தான் அது பழக்கமாகும்.

மேடை விட்டுச்சென்ற முறை

மோர்னிங்சைட் பெற்றோருள் ஒரு பகுதியினர் தொலைக்காட்சியே இல்லாத சிறுவயதைக் கொண்டவர்கள். 1990 முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. ஆனால் அச்சமூகத்துக்கு நலமும் சமூகச் சிக்கலும் கலைவழியே வந்துசேரவில்லை என்பது பொருந்தாது. 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' முதலிய சிறுவர் நாடகங்களை எழுதினார். அவரது 'அன்னை இட்ட தீ' போர் மனத்தில் ஏற்படுத்தும் காயத்தைப் பாடசாலை மேடையிலேயே பேசியது. மனவருத்தம் என்ற சொல்லை நோய்க்கும் துயருக்கும் இடையில் நிறுத்திக் காட்டத் தெரிந்த அரங்கு அது. கண்ணிவெடி விழிப்புணர்வும் வடக்கில் தெருவெளி நாடகங்கள் வழியே சிறுவரைச் சென்றடைந்தது.

அவ்வரங்கில் செய்தி பார்வையாளரின் ஊர்ப்பேச்சிலேயே பிறந்தது. ஆடுவோரும் பார்ப்போரும் ஒரே நோய்ப்பெயரை அறிந்திருந்தனர். அங்கிருந்து கனடா வந்த நாடகக்காரரும் ஆசிரியரும் இன்று அறுபதைக் கடந்தவர்கள். ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கான முப்பது இலட்சம் டொலர் நிதி 2021இல் சமூகத்தின் கொடையால் நிறைவுற்றது. தொல்லிலக்கியமும் ஆவணமும் அவ்விருக்கையின் இயல்பான பணிகள். வட்டாரத்து நலச்சொற்களைப் பதிவுசெய்து இரு கரைச் சொல்லகராதி ஒன்று தொகுப்பதும் அதே அறிவுத்துறையின் பணியே. சிறுவர் நிகழ்ச்சி எழுதுவோர் எவரும் முதலில் தேடும் நூல் அதுவாகவே இருக்கும். 2021 இளவேனிலில் ஸ்காபரோ பெருந்தொற்றால் கடுமையாகத் தாக்குண்டபோது, ஆங்கில அறிவித்தலைப் பிள்ளைகள் வாசித்துத் தமிழாக்கிச் சொன்ன வீடுகளில் அத்தகைய நூல் ஒன்று எவ்வளவு உதவியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மீனாவை முன்மாதிரியாகக் கொள்ளும்போது ஒரு திருத்தம் வேண்டும். அக்கதைகளில் பாட்டி பெரும்பாலும் பழமையின் குரல். அறிவு சிறுமியிடமிருந்து பாட்டிக்கு ஒரே திசையில் பாய்கிறது. நுளம்புவலை கட்டிப் பிள்ளை வளர்த்தவரும், குடும்பநல மருத்துவமாதிடம் தடுப்பூசி அட்டையைத் தவறாமல் காட்டியவருமான இலங்கைத் தாய்மார் அவ்வாறு அறியாதவர் அல்லர். அவர்களுடைய அறிவு வேறு அலகுகளில் இருக்கிறது, அவ்வளவே. வெறுவயிற்றில் சீனியின் அளவு 126ஐத் தொட்டால் சலரோகம் என்று அம்மம்மா அறிவார். கனடாவின் அளவிமானி காட்டும் எண்ணோ 7.0. இரண்டும் ஒன்றே, ஏழைப் பதினெட்டால் பெருக்கினால் 126 வரும். காய்ச்சலுக்கும் அப்படியே: அவர் 100.4 என்பார், பாடசாலையிலிருந்து வரும் கடிதம் 38 என்னும். வாய்பாடு தெரிந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு இது கடினமான கணக்கன்று. திரையில் ஒரு பாத்திரம் ஏழைச் சொல்லிவிட்டுச் சில நொடி காத்திருக்கட்டும். பிள்ளை பெருக்கும், அந்த எண் நல்லதா கெட்டதா என்பதை அம்மம்மா சொல்வார்.